முடுக்கு வழியே ஓர் ஊர்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், ஆறுமுகநேரியைத் தாண்டியதும் வருவது காயல்பட்டினம். இந்த ஊரின் பழைய பகுதியை ஒரு தெருவில் நின்று மட்டும் பார்த்தால் பாதி ஊர்தான் தெரியும். மறுபாதி வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு தெருக்களின் வீட்டு வரிசைகள் முதுகோடு முதுகாக நிற்க, நடுவில் ஒடுக்கமான சந்து ஓடுகிறது. உள்ளூரில் அதற்கு முடுக்கு என்று பெயர். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்க வேண்டிய அகலம். கார் நுழைய வழியே இல்லை.

மகாராஷ்டிரத்து மலை ஊரான மாத்தேரானில் அரசே கார்களைத் தடுத்திருக்கிறது. ஊருக்குள் நுழையுமுன் வண்டியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காயல்பட்டினத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. முன்பக்கத் தெருக்களில் பைக்கும் ஆட்டோவும் ஓடத்தான் செய்கின்றன. முடுக்கை முடுக்காக வைத்திருப்பது அங்குள்ள வீடும் உறவும்தான்.

இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமை. முடிந்தவரை தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கொடுப்பார்கள். அதனால் உம்மா (அம்மா), சாச்சி (சின்னம்மா), ராத்தா (அக்கா) என்று ஒரே குடும்பத்துப் பெண்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். வீடுகளோ தெருவில் தொடங்கி முடுக்கில் முடியும் அளவுக்கு நீளமானவை. ஆண்கள் முன்வாசல் வழியாகத் தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறார்கள். பெண்கள் பின்வாசலைத் திறந்து முடுக்கு வழியாக உறவுக்காரர் வீட்டுக்கும், தாங்கள் தொழவும் ஓதவும் கூடும் தைக்காவுக்கும் போகிறார்கள். தெருவில் கால் வைக்காமலே பெண்கள் ஊருக்குள் நெடுந்தூரம் போய்வர முடியும். இதை வெறும் கட்டுப்பாடு என்று சொல்வது அரைகுறைப் பார்வை. வீடு பெண்ணின் பெயரில், அக்கம்பக்கம் பெண்ணின் உறவு, பாதை பெண்ணின் பாதை. இவ்வளவும் ஒன்றாக அமைந்த ஊர்கள் அதிகமில்லை.

ஊர்ப் பெயரில் உள்ள காயல் என்றால் கடலோரத்தில் தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பு. தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டி பழையகாயல், புன்னைக்காயல், சற்றுத் தெற்கே காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளத் தள்ளத் துறைமுகமும் இடம் மாறியது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலைப் பார்க்க முடியாத உள்நாட்டு ஊர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்த காயலைப் பற்றி எழுதினார். அது பழையகாயல்தான் என்பது திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல்லின் முடிவு. பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது. அங்கே 1961இல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் நின்றுபோனது. முத்தும் குதிரையும் போன பிறகும், அவற்றை வணிகம் செய்தவர்களின் மரபில் வந்தவர்களின் தெருக்கள் மட்டும் காயல்பட்டினத்தில் இருக்கின்றன.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் இங்கே நிற்கும். பஸ் என்றால், காயல்பட்டினம் வழியாகப் போகுமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு கொச்சியார் தெரு, சதுக்கைத் தெரு என்று காலாற நடந்து, கடற்கரையில் போய் உட்காருங்கள். கல்தூண்கள் நிற்கும் பெரிய குத்பா பள்ளியைப் பார்க்க விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்துப் போய், அனுமதி கேளுங்கள். நம் கோயில் மண்டபங்களைச் செதுக்கிய அதே கைத்திறனை அந்தத் தூண்களில் காணலாம். யாராவது தம்மடை என்ற இனிப்பைக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

ஊராரிடமும் நகராட்சியிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு மனைக்கு அனுமதி தரும்போது சாலை எத்தனை அடி அகலம் என்பதுதான் இன்று முதலில் கேட்கப்படுகிறது. அந்த அளவுகோலில் முடுக்குக்கு மதிப்பே கிடையாது. சுவரை இரண்டடி தள்ளிக் கட்டினாலும், நடுவில் ஒரு கதவைப் போட்டு அடைத்தாலும் அந்த வரிசை முழுவதற்கும் பாதை அறுந்துவிடும். முடுக்குகளை வரைபடத்தில் ஏற்றி, பொதுப் பாதையாகப் பதிவு செய்யுங்கள்.

போகும் ஆண்களுக்கும் ஒன்று. முடுக்கின் வாயில் வரை போய்ப் பார்க்கலாம். உள்ளே நுழைந்து கேமராவைத் தூக்காதீர்கள். வீட்டுக்காரர் அழைத்தால் ஒழிய, தெருவோடு திரும்பிவிடுங்கள்.