ஓட்டை நிறைந்த கூரை ஏன் ஒழுகுவதில்லை?

ஓட்டு வீட்டுக்குள் பகலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? ஓடுகளுக்கு நடுவே ஆங்காங்கே வெளிச்சம் கீற்றுக் கீற்றாகத் தெரியும். வெளிச்சம் நுழைகிறதென்றால் அங்கே இடைவெளி இருக்கிறது. அப்படி எத்தனையோ இடைவெளிகள்! ஆனாலும் ஐப்பசி அடைமழையில் அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எப்படி?

முதலில் ஒரு கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர் விழும். 50 சதுர மீட்டர் வீட்டின் மேல் ஓர் இரவில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 5,000 லிட்டர். இவ்வளவு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கூரையாலும் முடியாது. அதனால் நல்ல கூரை தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில்லை. வழி காட்டி அனுப்பிவிடுகிறது.

அந்த வழி தச்சர் கையில் தொடங்குகிறது. கூரையின் உச்சி முகடு. முகட்டிலிருந்து சுவர்வரை சரிந்து இறங்கும் கட்டைகள் கைமரங்கள். கைமரங்களின் மேல் குறுக்கே வரிசையாக அடிக்கும் மெல்லிய சட்டங்களுக்கு ரீப்பர் என்று பெயர். சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்புதான் இறவாரம். அது நீளாவிட்டால் கூரையில் வடியும் நீர் முழுதும் சுவரிலேயே இறங்கும்.

இனி ஓடு. மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சிறு மூக்குகள் போலத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த மூக்கு ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஆணியே வேண்டாம். உடைந்த ஓட்டை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். (ஆணி இல்லாத இந்த வசதி குரங்குகளுக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல்!)

ஓடு வேய்பவர் எப்போதும் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார். கீழ் வரிசை ஓட்டின் தலைமேல் மேல் வரிசை ஓட்டின் கால் ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் மேலே இருந்து வரும் நீர் அடுத்த ஓட்டின் முதுகில் விழுந்து, அப்படியே வரிசை வரிசையாக இறங்கும். மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீரை வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். கடைசியாக முகட்டின் மேல் வளைந்த முகட்டு ஓடுகளை வைத்துச் சாந்து பூசிவிடுவார்கள்.

ஆனால் தண்ணீருக்கு ஒரு குறும்பு உண்டு. அது மேலேயும் ஏறும். இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகளைக் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் சேர்த்து, அடி நுனியைத் தண்ணீரில் வையுங்கள். (கூர்மையான விளிம்பு, கவனம்! பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.) நடுவே நீர் தானாக ஏறுவது தெரியும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். இடைவெளி குறுகக் குறுக, நீர் உயரமாக ஏறும். அகலமானால் ஏற்றம் குறைந்துவிடும். ஓடும் ஓடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடமும் இப்படி ஒரு குறுகிய சந்துதான். காற்றும் சேர்ந்து தள்ளினால் நீர் மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டும். மங்களூர் ஓட்டின் விளிம்புகளில் உள்ள பள்ளமும் வரப்பும் இதற்குத்தான். சந்து சட்டென்று அகலமாகிறது. ஏறி வந்த நீர் பள்ளத்தில் தங்கி, சரிவோடு கீழே போய்விடுகிறது.

இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓட்டுக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்றார்கள். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. நேத்திராவதி ஆற்றுப் படுகையின் களிமண் அதற்கு வாகாக அமைந்தது. சூளையில் வேகும்போது களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்வதால்தான் ஓட்டுக்குச் செம்மண் நிறம்.

அதற்கு முன்பே நம் ஊர்க் குயவர்கள் நாட்டு ஓடு செய்துவந்தார்கள். சக்கரத்தில் ஒரு குழாயை வனைந்து, அதை நெடுக இரண்டாகப் பிளந்தால் இரண்டு ஓடுகள்! இதில் பள்ளமும் வரப்பும் கிடையாது. நிறைய ஓடுகளை நெருக்கமாக அடுக்கித்தான் சமாளிக்க வேண்டும். பனையோலைக் கூரைக்கு இன்னும் செங்குத்தான சரிவு தேவை. நீர் நின்று யோசிக்க நேரம் கொடுத்தால் ஓலை நனைந்து மக்கிவிடும்.

தகரக் கூரை ஏன் அலை அலையாக இருக்கிறது? ஒரு தாளின் ஒரு முனையை மட்டும் பிடித்து நீட்டுங்கள், துவண்டு தொங்கும். அதையே விசிறிபோல் மடித்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். இரும்புத் தகட்டில் இதைச் செய்து 1829-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். அலைத் தகரத்தில் ஆணி அடிக்கும்போது எங்கே அடிப்பார்கள்? அலையின் மேட்டிலா, பள்ளத்திலா? பள்ளத்தில் நீர் ஓடும், அங்கே ஓட்டை போடலாமா? அதனால் மேட்டில்தான், அதுவும் வாஷர் வைத்து.

மொட்டை மாடி தட்டையாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். இல்லை! கொத்தனார் தட்டோடு பதிக்கும்போது மழைநீர்க் குழாயை நோக்கி லேசாகச் சரிவு கொடுப்பார். அதை 'வாட்டம்' என்பார். வாட்டம் சரியா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் போதும். தேங்கினால் அங்கே பிழை.

ஆனால் நீர் தேங்கும் இடத்துக்கு நேர் கீழேதான் வீட்டுக்குள் ஒழுகும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இறங்கிய நீர், கான்கிரீட்டின் விரிசல் போகும் போக்கில் பக்கவாட்டில் நகர்ந்து, சில அடி தள்ளிக்கூடச் சொட்டும். ஒழுகும் இடத்தைப் பார்த்து அதற்கு நேர் மேலே மட்டும் பூசிவிட்டு, அடுத்த மழையில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.