முதலில் திறப்பு, பிறகு திருத்தம்

குளிர்நாடுகளில் குடித்துவிட்டுத் தெருவில் படுப்பவர் மறுநாள் எழும்புவார் என்பது நிச்சயமில்லை. மது உடலுக்குச் சூடு தரும் என்று எங்களிலும் பலர் நம்புகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. தோலுக்கு அண்மையிலுள்ள இரத்தக் குழாய்களை மது விரியச் செய்ய, உடலின் சூடு வெளியேறிவிடுகிறது. குடித்தவருக்கோ குளிர் தெரிவதில்லை.

பின்லாந்து இதனைப் பெரும் இழப்புகளுக்குப் பின்னரே உணர்ந்தது. 1967இல் அந்நாடு தனது சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அந்தக் குளிர்காலத்தில் தலைநகர் ஹெல்சிங்கியில் வீடற்றோர் பலர் மடிந்தனர். எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இரவு விடுதிகள் திறக்கப்பட்டன. ஆயினும் 1987இல் அந்நாட்டில் தனித்து வாழ்ந்த வீடற்றோர் ஏறத்தாழ 18,000 பேர்.

"முதலில் குடியை விடு, பிறகு வீடு தருகிறோம்" என்பதே அக்காலத்து முறை. சுகமான பின் வா, மருந்து தருகிறேன் என்பது போன்றது இது. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வைத்தியரின் கண்காணிப்பும் ஓய்வும் வேண்டும். தெருவில் இவை ஏது?

2008இல் பின்லாந்து அரசு இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றியது. முதலில் வீடு. ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனை 1936 முதல் நடத்திவந்த சுமார் 250 படுக்கைகள் கொண்ட விடுதி, 80 தனி வீடுகளாக மாற்றப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம், கையில் ஒரு திறப்பு, உதவிக்கு அதே கட்டடத்தில் பணியாளர். குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

எல்லோரும் குடியை விட்டுவிடவில்லை. ஆனால் அவர்கள் பனியில் படுக்கவில்லை. 2023 இறுதியில் நாடு முழுவதும் வீடற்றோர் தொகை 3,429 ஆகக் குறைந்திருந்தது. 2024இல் வாடகைக்கான அரச உதவிப்பணம் வெட்டப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் அத்தொகை 3,806 ஆக உயர்ந்தது. தாங்கும் கையை எடுத்தால் பலன் உடனே தெரிந்துவிடும்.

அகதி முகாம்களிலும், ஒரே அறையில் பலர் முறைவைத்துப் படுத்த வீடுகளிலும் வாழ்ந்த எங்களுக்கு ஒரு திறப்பின் பெறுமதி தெரியாததல்ல. ஆனாலும் எங்களில் ஒருவர் குடியில் விழுந்தால் "குடிகாரன்" என்று ஒதுக்கி, கதவைச் சாத்திவிடுகிறோம். "திருந்தி வரட்டும், பார்ப்போம்" என்று சொல்லுமுன் ஒன்றை விசாரிப்போம்: இன்றிரவு அவர் எங்கே படுப்பார்?