சேவல் சின்னம்

வாக்குப்பதிவு இயந்திரத்தில் எத்தனை சின்னங்கள்! "எதற்கு இத்தனை கட்சி? இரண்டு கட்சி போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே 150 ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுதான் ஆட்சிக்கு வருகிறது. இதில் ஒரு வசதி உண்டு. ஆளும் கட்சி எது, எதிர்க்கட்சி எது என்பது தெளிவாகத் தெரியும்.

ஆனால் ஊர்க் கூட்டத்தில் இரண்டு பேர் மட்டுமே பேசலாம் என்றால் என்ன ஆகும்? மற்ற தெருக்காரர்களின் குறையை யார் சொல்வார்? இந்தியா பல மொழிகள், பல இனங்கள் வாழும் நாடு. இங்கே இரண்டு குரல் போதுமா?

ஜார்கண்ட் மக்களின் கதையைப் பார்ப்போம்.

அப்போது அது பிகார் மாநிலத்தின் தென்பகுதி. காடும் மலையும் நிறைந்த பூமி. முண்டா, சந்தால், ஓரான், ஹோ முதலிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். மண்ணுக்கு அடியில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கிடைத்தன. சுரங்கம் வந்தது. ஆலை வந்தது. அணை வந்தது. பலருடைய நிலம் பறிபோனது. பழங்குடி மக்கள் தனி மாநிலம் கேட்டார்கள்.

அவர்களுடைய தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்தவர். அவர் ஜார்கண்ட் கட்சியை நடத்தினார். அதன் சின்னம் சேவல்.

முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு அன்று எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். மக்கள் சேவல் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். பிகார் சட்டசபையில் அந்தக் கட்சி 30க்கும் அதிகமான இடங்களைப் பிடித்தது. காட்டு மக்களின் குரல் சபையில் ஒலித்தது.

1963இல் அந்தக் கட்சி காங்கிரசில் இணைந்தது. தனிக் குரல் பெரிய கட்சிக்குள் அடங்கியது. மாநிலம் கிடைக்கவில்லை. 1970களில் ஜார்கண்ட் முக்தி மோர்ச்சா என்ற புதிய கட்சி பிறந்தது. போராட்டம் மீண்டும் சூடு பிடித்தது. கடைசியில் பெரிய கட்சிகளும் கோரிக்கையை ஏற்றன. 2000 நவம்பர் 15இல் ஜார்கண்ட் மாநிலம் உதயமானது.

பல கட்சி முறையில் குறையே இல்லையா? உண்டு. புதிய மாநிலத்தில் முதல் 14 ஆண்டுகளில் எந்த முதலமைச்சரும் ஐந்து ஆண்டு முழுதாக ஆளவில்லை. பதவிக்காகப் பேரம் நடந்தது. 1999இல் மத்திய அரசே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கவிழ்ந்தது.

மாடு வேலியைத் தாண்டினால் வேலியைத்தான் சரி செய்வார்கள். மாட்டைக் கொல்ல மாட்டார்கள். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது அதற்காகத்தான். சட்டம் மட்டும் போதாது. வாக்குக் கேட்டு வந்தவர் வென்ற பிறகு என்ன செய்தார் என்று வாக்காளர் கவனிக்க வேண்டும். பேரம் பேசியவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

சின்னங்கள் பல இருக்கட்டும். எந்தச் சின்னம் யாருக்காகப் பேசுகிறது என்று பார்த்து வாக்களிப்பது மக்கள் கையில் இருக்கிறது.

பேசிப் பார்க்க:
1. உங்கள் ஊரில் யாருடைய குறை சபைக்குப் போகாமல் நிற்கிறது?
2. அதைக் கொண்டுபோக என்ன வழி?