மின் கித்தாரின் தோற்றம்

கித்தாரின் ஒலி மென்மையானது. சிறு கூடத்தில் அமைதியாக இருந்து கேட்போர்க்கு அது குறையன்று, சிறப்பேயாகும். ஆயின், 1920 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நடன மண்டபங்களிலே எக்காளமும் சாக்சபோனும் முரசும் ஒருங்கே முழங்கியபோது, கித்தார் இசைப்போனின் கையசைவு கண்ணுக்குத் தெரிந்ததேயன்றி அவன் இசை காதுக்கு எட்டுவது அரிதாயிற்று. தாளத்துக்குத் துணைநிற்பதே அவன் தொழிலாயிற்று. தனியிசைக்கு அவனுக்கு இடமில்லை.

இக்குறை நீங்குவதற்கான வழி ஹவாய்த் தீவுகளின் இசையினூடாக வந்தமை வியப்புக்குரியது. கித்தாரை மடியிற் கிடத்தி, விரலால் அழுத்துவதற்குப் பதிலாக உருக்குத் துண்டொன்றை நரம்பின்மீது வழுக்கிச் சுரங்களை இழைக்கும் முறை, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவுகளிலே பரவியது. ஜோசப் கெக்குக்கு என்பவரை அதன் முன்னோடியாகக் கூறுவர். கோட்டுவாத்தியம் கேட்டோர்க்கு இம்முறையின் இனிமை எளிதில் விளங்கும். 1915 ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங் கண்காட்சிக்குப் பின்னர் அமெரிக்கா எங்கணும் இவ்விசைமீது மோகம் மூண்டது. இங்கே கித்தார் தாளத் துணையன்று. பண்ணை ஏந்திச் செல்லும் தலைமைக் கருவி. ஆகவே, அதன் ஒலி ஓங்கவேண்டிய தேவையும் இங்கேதான் மிகுதியாக உணரப்பட்டது.

இத்தகைய இசைஞருள் ஒருவர் லொஸ் ஏஞ்சலிசில் வாழ்ந்த ஜோர்ஜ் பீச்சம். அவர் முதலில் ஜோன் டொப்பியேரா என்னும் கைவினைஞருடன் சேர்ந்து, உலோகத் தகட்டுக் கூம்புகளை உள்ளே பொருத்திய கித்தாரை உருவாக்குவித்தார். ஒலி ஓரளவு பெருகியது, போதியதாகவில்லை. பங்காளிகளுக்கிடையே பிணக்கும் மூண்டது. அதன்பின்னரே அவர் மின்சாரத்தின்பால் முழுமனத்தையும் செலுத்தினார்.

அவர் கண்ட வழியின் நுட்பம் நோக்கற்பாலது. கித்தாருக்கு முன்னே ஒலிவாங்கியை வைத்தால், அது காற்றின் அதிர்வை வாங்கும். அயலிலுள்ள இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். பீச்சம் காற்றை நாடாமல் நரம்பையே நாடினார். சுருட்டிய கம்பியின் அருகே காந்தப் புலம் மாறுமாயின் அக்கம்பியில் மின் தோன்றும் என்பது 1831 இல் பரடே நிறுவிய உண்மை. இரண்டு இலாடக் காந்தங்களின் நடுவே உருக்கு நரம்புகளைச் செல்லவிட்டு, அவற்றின் கீழே செப்புக் கம்பிச் சுருளை அமைத்தார் பீச்சம். நரம்பு அதிரும்போது காந்தப் புலமும் அதே அதிர்வெண்ணில் மாறும். அதற்கிசைந்த சிறு மின்னோட்டம் சுருளிலே பிறக்கும். அதனை விரியலாக்கி பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். குடல் நரம்பு காந்தத்தைச் சாராதாகையால் இக்கருவிக்குப் பயன்படாது.

1931 இல் ஹரி வாட்சன் என்னும் தொழிலாளி மேப்பிள் மரத்திற் செதுக்கிய உடலில் இவ்வமைப்புப் பொருத்தப்பட்டது. சிறிய வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்தமையால், 'பொரிக்குஞ் சட்டி' என்று அதனை வேடிக்கையாக அழைத்தனர். சுவிற்சர்லாந்திற் பிறந்த அடொல்ப் ரிக்கென்பாக்கரின் துணையுடன் 1932 இல் அலுமினியத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலமாதலின் வாங்கினோர் சிலரே.

ஆக்கவுரிமை பெறுவதிலும் பெரும் இடர்ப்பாடு. இது மின்கருவியா, இசைக்கருவியா என்றும், உண்மையில் இயங்குமா என்றும் அலுவலகத்தார் ஐயுற்றனர். சோல் ஹூப்பி முதலிய இசைஞர் வாசிங்டனுக்குச் சென்று அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டியதாகக் கூறுவர். 1937 ஓகஸ்டிலேயே உரிமை கிட்டியது. அதற்குள் பிற உற்பத்தியாளரும் களத்தில் இறங்கிவிட்டமையால், உரிமைப் பத்திரம் கைக்கு வந்தபோது அதனாற் பெறத்தக்க பயனிற் பெரும்பகுதி கைநழுவிவிட்டது. பீச்சம் 1941 இல் இறந்தார். பிற்காலத்தில் இக்கருவி ஈட்டிய புகழை நோக்குமிடத்து, அவர் பெயர் இத்துணை மறைந்து கிடப்பது முறையன்று.

1936 இல் கிப்சன் நிறுவனம் மடியிற் கிடத்தாது ஏந்தி வாசிக்கும் மின் கித்தாரை வெளியிட்டது. 1939 இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த சார்ளி கிறிஸ்டியன் என்னும் நீக்ரோவின இளைஞர், சாக்சபோனுக்கு நிகராக அதிலே நீண்ட தனியிசைத் தொடர்களை வாசித்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தோரும் கித்தாரைக் கேட்டனர். காச நோயால் 1942 இல் அவர் மறைந்தபோது வயது 25.

எனினும், ஒரு தொல்லை எஞ்சியிருந்தது. உள்ளீடற்ற பெட்டி, ஒலிபெருக்கியின் ஓசைக்குத் தானும் பரிந்து அதிரும். அவ்வதிர்வு மீண்டும் சுருளிற் புகுந்து ஊளையாக வெளிப்படும். நரம்பின் அதிர்வைச் சுருளே வாங்குமாயின் பெட்டி எதற்கு என்னும் வினா இங்கு எழுந்தது. லெஸ் போல் என்பார் 1940 ஐ அண்டிய காலத்திற் பருத்த மரக்கட்டையொன்றில் நரம்பு பூட்டி வாசித்தார். கட்டைக்கு இருபுறமும் பழைய கித்தாரின் பாதிகளை ஒட்டியது கண்ணுக்காகவேயன்றிக் காதுக்காக அன்று. கிப்சன் நிறுவனம் அக்கட்டையைப் பொருட்படுத்தவில்லை.

அதனைச் சந்தைப் பொருளாக்கியவர் கலிபோணியாவில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. பலகையாக அறுத்த உடல், திருகாணியாற் பூட்டிய கழுத்து, பழுதுற்றால் மாற்றத்தக்க உறுப்புக்கள் என 1950 இல் அவர் வெளியிட்ட கருவி, மறு ஆண்டில் 'டெலிகாஸ்டர்' எனப் பெயர்பெற்றது. 1952 இல் கிப்சன் நிறுவனமும் திண்ணுடற் கித்தாரொன்றை வெளியிட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'லெஸ் போல்' என்பதாகும்.