மன்றாட்டும் மருத்துவச் செலவும்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டி, விருத்தாசலம் செல்லும் சாலையில் அமைந்துள்ள மந்தாரக்குப்பம், 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர், சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் நம்பி வளர்ந்த கடைத்தெரு ஊராகும். பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் தத்தம் வழிபாட்டு மரபுகளையும் உடன் கொண்டுவந்ததால், கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே எனப் பல பிரிவுக் கிறிஸ்தவர்கள் இவ்வட்டாரத்தில் அக்கம்பக்கமாக வாழ்கின்றனர். உற்றார் உறவினர் தொலைவில் இருக்க, பிழைப்புக்காக வந்து குடியேறியவர் வீட்டில் கடும் நோய் புகுந்தால், முதலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டாரும் சபையாருமே ஆவர்.

பிறருக்காக இறைவனிடம் முறையிடுவதைக் கிறிஸ்தவர்கள் பரிந்துரை மன்றாட்டு என்பர். ஆராதனையில் நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதும், கத்தோலிக்கத் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டில் அவரை நினைவுகூர்வதும், சிலர் கூடி உணவு தவிர்த்து உபவாச ஜெபம் செய்வதும் இதன் வடிவங்கள். நோயுற்றவர் சபையின் மூப்பரை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் பணிப்பதே இவ்வழக்கத்துக்கு வேர். அதே வேரிலிருந்து வந்த ‘நோயில் பூசுதல்’ என்னும் கத்தோலிக்க அருளடையாளம், நெடுங்காலம் சாகுந்தறுவாயில் இருப்பவர்க்கே உரியதெனக் கருதப்பட்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கடும் நோயுற்ற எவரும் பெறத்தக்கதாயிற்று.

வீட்டு ஜெபத்தில் சடங்கு குறைவு. ஷிப்ட் முடித்தவர்கள் குளித்துவிட்டு வந்து சேர்ந்ததும், கட்டிலருகே பாய் விரித்து அமர்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, நோயாளியின் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டுக் கலைவார்கள். கலையும் நேரத்தில் யாரேனும் ஒருவர் தலையணைக்கு அடியில் பெயர் எழுதாத உறையொன்றைச் செருகிவிட்டுப் போவதும் உண்டு. கொடுத்தது யாரென்று வீட்டாருக்குத் தெரியாதிருப்பதே அந்த உதவியின் அழகு. நாளை தெருவில் எதிர்ப்படும்போது எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.

அந்த உறை எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது. நிலக்கரி நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளிக்கு நிறுவன மருத்துவமனை உண்டு. கடைச் சிப்பந்திக்கும் கூலித் தொழிலாளிக்கும் அது இல்லை. 2009-இல் தொடங்கி, 2012-இல் விரிவாக்கப்பட்ட தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆயினும் சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரமும் போகவர அரைநாளும் கழிவதால், அவரோடு துணைக்குப் போகிறவரின் கூலியும் சேர்ந்தே போகிறது. கடலூருக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேலூருக்கோ செல்லும் பேருந்துக் கட்டணம், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பவரின் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகிய எவையும் காப்பீட்டு அட்டையில் அடங்குவன அல்ல. பக்கத்து வீட்டார் கொடுக்கும் இருநூறும் ஐந்நூறும் ஈடுகட்டுவது இந்த இடைவெளியைத்தான். அறுவைச் சிகிச்சைக்கு அது ஒருபோதும் போதாது, போத வேண்டியதும் இல்லை.

இக்கொடை மரபு பழமையானது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் வாட்டியபோது, கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், தம் மக்கள் தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் பணிவிடை செய்ய வேண்டுமென வலியுறுத்தினார். நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவர்கள் தம் ஏழைகளோடு பிறர் ஏழைகளையும் பேணுவது தமக்கு வெட்கமாக இருக்கிறது என்ற பொருளில் தம் பூசாரிக்குக் கடிதம் எழுதினார். எதிரியின் வாயிலிருந்து வந்த சான்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசனாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, தமிழகப் பங்குகள் பலவற்றிலும் இயங்குகிறது. இதன் உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழைகளின் வீட்டுக்கே செல்வர். கூட்டத்தில் யார் எவ்வளவு இட்டார் என்று தெரியாதபடி பை ஒன்று சுற்றிவரும். தலையணைக்கடி உறையின் நாணமே அங்கு ஒழுங்குமுறையாக்கப்பட்டிருக்கிறது. இவ்வகைக் கொடை பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் சான்று. திண்டிவனத்தில் பெண் மருத்துவர் இல்லாத ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் பயின்ற ஐடா ஸ்கடர், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணிக்கு, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் இறந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அக்கொடையால் 1902-இல் எழுந்த மருத்துவமனையே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம்.

ஜெபத்தால் நோய் தீருமா என்னும் கேள்வியை இங்கே தவிர்ப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்கள் செய்த ஜெபத்தால் சிக்கல்கள் குறையவில்லை; தமக்காக ஜெபிக்கப்படுகிறது என்று உறுதியாக அறிந்திருந்தவர்களுள் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் நேர, அறியாதிருந்தவர்களுள் அது 52 விழுக்காட்டளவிலேயே நின்றது. இதைக் காட்டி ஜெபம் வீண் என்று முடிவுகட்டுவோர், அந்த ஆய்வில் ஜெபித்தவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போகவில்லை, கஞ்சி கொண்டுபோகவில்லை, இரவில் துணை இருக்கவில்லை என்பதை மறக்கின்றனர். அதே வேளையில், குணமாகிவிட்டதென்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியர்கள் இருக்கவே செய்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் இன்சுலினையும் காசநோயாளியின் ஆறுமாத மருந்தையும் நிறுத்தச் சொல்வது விசுவாசம் அன்று, உயிரோடு விளையாடுவது. அதைத் தடுத்துச் சொல்லும் கடமை சபை மூப்பருக்கும் உண்டு.

மற்றொரு குறை எல்லாச் சபைகளுக்கும் பொது. முதல் மாதத்தில் வீடு கொள்ளாமல் வருபவர்கள் நான்காம் மாதத்தில் ஒருவர் இருவராகச் சுருங்கிவிடுகின்றனர், நோயோ சுருங்குவதில்லை. இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன், ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியமான இரு தெனாரியங்களைக் கொடுத்ததோடு, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் ஒப்புக்கொள்கிறான். பிரசங்கங்களில் முதல் பாதி பேசப்படும் அளவுக்கு இரண்டாம் பாதி பேசப்படுவதில்லை. நோயாளியின் பெயரை ஜெபக் குறிப்பிலிருந்து எடுப்பதற்கு முன், அடுத்த டயாலிசிஸ் எந்தக் கிழமை, துணைக்குப் போவது யார் என்று அந்த வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டு எடுங்கள்.