பத்தா, பதினொன்றா? கடைக் கம்ப்யூட்டருக்கு வந்த சோதனை!

சென்னை ரிச்சி தெரு. மாலை 5 மணி. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள்.

வயர்களும் கீபோர்டுகளும் குவிந்து கிடக்கும் ஒரு ரிப்பேர் கடை வாசலில், ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து நின்றார். துண்டால் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, பெட்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா திரையிலே அடிக்கடி ஒரு அறிவிப்பு வருது. இதுக்குக் காலம் முடிஞ்சு போச்சாம். 2016-லே வாங்கினது. பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டற நேரத்திலே புதுசுக்கு எங்கே போக?" என்றார்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு நீங்க நாலாவது ஆளு அண்ணாச்சி. உள்ளே வந்து உட்காருங்க."

அண்ணாச்சியின் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. டைப் அடித்துக் கொடுக்கும் கடை, மருந்துக் கடை, வாடகைக்கு இருக்கும் சின்ன ஆபீஸ் என்று நகரமெங்கும் கேட்கப்படும் கேள்வி. பழைய விண்டோஸ் 10-லேயே இருப்பதா? புதிய விண்டோஸ் 11-க்கு மாறுவதா?

என்ன கெடு?

கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. அதை ஆட்டி வைப்பது ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற சாப்ட்வேர். மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-ல். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5-ல்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது.

"அப்படின்னா அன்னிக்கு ராத்திரியே நின்னு போயிருக்கணுமே? என்னுது ஓடுதே!" என்று மடக்கினார் அண்ணாச்சி.

நியாயமான கேள்விதான். பத்து நிற்காது. பில் போடும், பாட்டுப் பாடும். நின்று போவது பூட்டுப் பழுது பார்க்கும் வேலை மட்டுமே.

பூட்டும் திருடனும்

எந்த சாப்ட்வேரிலும் ஓட்டைகள் இருக்கும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் கம்பெனி அதற்கு ஓர் ஒட்டுப் போட்டு அனுப்பும். மைக்ரோசாப்ட் இதை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 'அப்டேட்' என்று வந்து நம் பொறுமையைச் சோதிக்கிறதே, அதுதான்!

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பதினொன்றுக்கு ஒட்டு வெளியானதுமே, ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனும் பார்த்துவிடுகிறான். அதே ஓட்டை பத்திலும் இருந்து, அங்கே ஒட்டுப் போடப்படாமல் கிடந்தால்? கதவு திறந்த வீடுதான்.

பயமுறுத்தும் கதை அல்ல இது. நடந்திருக்கிறது.

2017 மே 12-ல் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகைக் கலக்கியது. கம்ப்யூட்டரில் உள்ள பைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் கைவரிசை! பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே தடுமாறின. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டைக்கான ஒட்டு 2017 மார்ச் 14-ந் தேதியே வந்துவிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின.

பரீட்சை வைக்கும் பதினொன்று

"சரி தம்பி, பதினொன்னையே போட்டுடு!"

அங்கேதான் சிக்கல். எல்லாப் பெட்டியையும் பதினொன்று ஏற்றுக்கொள்வதில்லை. பரீட்சை வைக்கிறது. குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம் வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை, அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதாவது, 2017 கடைசிக்கு முன்னால் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் பெயில்!

உங்கள் பெட்டி பாசா, பெயிலா என்று நீங்களே பார்க்கலாம். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற சாப்ட்வேர் சொல்லிவிடும். சில பெட்டிகளில் டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸில் போய் அதை இயக்கினால் போதும். பெயில் என்றதும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

பாஸ் என்றால் யோசிக்க வேண்டாம். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குப் பதினொன்று இலவசம். போட்டோக்களும் கடிதங்களும் அப்படியே இருக்கும். ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்து கொள்ளும். அதை இடது பக்கம் தள்ளிவிட வழி உண்டு. பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழசுக்கே திரும்பலாம். 4 ஜி.பி. ராம் பெயருக்குத்தான், 8 ஜி.பி.யும் ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் இருந்தால்தான் அலுப்பில்லாமல் ஓடும்.

அண்ணாச்சியின் பெட்டி? ஆறாவது தலைமுறை. பெயில்!

கறுப்புத் திரை ரகசியம்

மெக்கானிக் இன்னொரு கேள்வி கேட்டார்.

"பில் போடறது கறுப்புத் திரையிலே வருதா அண்ணாச்சி?"

"ஆமா தம்பி. 20 வருஷமா அதேதான். சரக்கு, கடன், பாக்கி எல்லாம் அதிலேதான் கிடக்கு. தெருவிலே பாதிப் பேரு கணக்கு!"

மெக்கானிக் தலையை ஆட்டினார்.

டாஸ் காலத்து பில் சாப்ட்வேர்கள் 32 பிட் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். பத்தில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. பதினொன்றில் 64 பிட் மட்டுமே! ஆகவே, குறுக்கு வழியில் பதினொன்றைத் திணித்தாலும் பழைய பில் சாப்ட்வேர் சாதாரணமாக ஓடாது. மேலும் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மேலாகவே ஏற்ற முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

காப்பி எடுக்காமல் துடைத்தால்? 20 வருஷக் கணக்கு அம்போ!

பத்தில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் உங்களுடையது 32-ஆ, 64-ஆ என்று எழுதியிருக்கும். எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

பெயிலானவர்களுக்கு என்ன வழி?

ஒன்று: தவணை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்ஸைச் சேமித்து வைப்பவர்களுக்கு இலவசம். இல்லையென்றால் 30 டாலர். இதற்கு 2026 அக்டோபர் 13 வரை என்றுதான் முதலில் கெடு குறித்தார்கள். கம்பெனிகளுக்குத் தனிக் கட்டணம். முதல் வருஷம் ஒரு பெட்டிக்கு 61 டாலர். ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பாகும், மூன்று வருஷம்தான். இது தவணைதானே தவிர, விடுதலை அல்ல.

இரண்டு: லினக்ஸ். இது இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும். நம் சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகைதான். இன்டர்நெட் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் போதும். ஆனால் உங்கள் பில் சாப்ட்வேர் அதில் ஓடுமா என்று சோதித்துவிட்டு இறங்குங்கள்.

மூன்று: வேறு பெட்டி. புதுசு வாங்க வசதி இல்லாமல் பழசு வாங்கினால், 8-வது தலைமுறைக்குக் கீழே மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது மலிவு அல்ல, மறுபடியும் இதே தலைவலி!

நான்கு: தனிமை. பழைய பெட்டியை பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுவது. பாங்கி வேலை, மெயில் எதுவும் அதில் கூடாது. கண்ட பென் டிரைவையும் சொருகக் கூடாது. வைரஸ் அந்த வழியாகவும் வரும்.

அண்ணாச்சி எடுத்த முடிவு

"ஜி.எஸ்.டி. வேலை எல்லாம் யாரு பாக்கறாங்க?"

"ஆடிட்டர் ஆபீசிலே பாத்துக்கறாங்க. நான் பில் போடறதோட சரி. ராத்திரி மகன் வந்து அதிலே சினிமா பார்ப்பான்."

"சினிமாவை நிறுத்துங்க. இன்டர்நெட்டையும் எடுத்துடலாம். பெட்டி பில் போடட்டும். அடுத்த வருஷம் கையிலே காசு வந்ததும், புது பில் சாப்ட்வேரோட சேர்த்து வேற பெட்டி வாங்கிக்கலாம். ஆமா, கணக்குக்குக் காப்பி வெச்சிருக்கீங்களா?"

அண்ணாச்சி விழித்தார். 20 வருஷத்தில் ஒரு நாள்கூடக் காப்பி எடுத்ததில்லை!

மெக்கானிக் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு புது பென் டிரைவ்களை எடுத்துச் சொருகினார். 20 வருஷக் கணக்கும் சில நிமிஷத்தில் இரண்டிலும் ஏறிவிட்டது.

"ஒண்ணு கடையிலே, ஒண்ணு வீட்டிலே. வாரம் ஒரு தடவை மறக்காம எடுங்க. பத்தோ பதினொன்னோ, அது பெட்டி சமாசாரம். இது உங்க சொத்து அண்ணாச்சி" என்றார்.

துண்டு சுற்றிய பெட்டியோடு சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனை நோக்கி நடந்தார் அண்ணாச்சி. பத்தடிக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வாசகர்களே, உங்கள் கணக்குக்குக் காப்பி இருக்கிறதா? இன்றைக்குக் கடையைப் பூட்டுமுன் பார்த்துவிடுங்கள்!