தண்ணீர் அதிகம் குடிப்பது எந்தப் பூனை?

உங்கள் வீட்டில் வயதான பூனைகள் இரண்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் கிண்ணம் முன்பைவிடச் சீக்கிரம் காலியாகிறது. “வெயில் அதிகம், அதனால் குடிக்கின்றன” என்கிறார் அம்மா. அப்படியும் இருக்கலாம். ஆனால், இரண்டில் ஒரு பூனையின் சிறுநீரகம் பழுதாகி வருவதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம். அது எந்தப் பூனை என்று உங்களால் சொல்ல முடியுமா?

பூனைகளுக்கு முதுமையில் மிகப் பரவலாக வரும் நோய்களில் ஒன்று, நாட்பட்ட சிறுநீரக நோய். அதை முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால், முன்கூட்டியே கண்டுபிடித்தால் பல பூனைகள் இன்னும் சில ஆண்டுகள் நலமாக வாழ முடியும். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். இரண்டு பூனைகள் சேர்ந்து வாழும் வீட்டில்தான் இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினம். ஏன் என்று பார்ப்போம்.

சிறுநீரகம் காட்டிக்கொடுக்காது

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புக்கு நெஃப்ரான் என்று பெயர். மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 1 மில்லியன் நெஃப்ரான்கள் இருக்கின்றன. பூனைக்கோ சுமார் 200,000 மட்டுமே. அழிந்த நெஃப்ரான் மீண்டும் வளராது.

உங்கள் வகுப்பில் பத்துப் பேர் துப்புரவுப் பணியில் இருக்கிறார்கள். இரண்டு பேர் வரவில்லை என்றால் மற்ற எட்டுப் பேர் கூடுதலாக வேலை செய்வார்கள். வகுப்பறை சுத்தமாகவே இருக்கும். ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. நெஃப்ரான்களும் இப்படித்தான். சில அழிந்தால் மீதமுள்ளவை அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பிறகுதான் முதல் குறை வெளியே தெரியத் தொடங்குகிறது.

அந்த முதல் குறை என்ன? தண்ணீரைச் சேமிக்கும் திறன் குறைவது. வீட்டுப் பூனையின் மூதாதையர் வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். இரையின் உடலிலுள்ள நீரைக் கொண்டே பெரும்பாலும் சமாளித்தவை. அதனால் பூனையின் சிறுநீரகம் தண்ணீரை உடலுக்கே திருப்பி அனுப்பி, சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கும். நோய் வந்தால் இது முடியாது. சிறுநீர் நீர்த்துப்போய் அதிகமாக வெளியேறும். இழந்த நீரை ஈடுகட்டப் பூனை அடிக்கடி குடிக்கும். “நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, ஆரோக்கியமாக இருக்கிறது” என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

சராசரியும் காட்டிக்கொடுக்காது

ஒரு பூனை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது அளவுக்கு மீறியது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். 4 கிலோ பூனைக்கு அது 200 மில்லிலிட்டர்.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு பூனைகளும் 4 கிலோ. கிண்ணத்திலிருந்து ஒரு நாளில் 300 மில்லிலிட்டர் குறைந்திருக்கிறது. சராசரி 150. கவலையில்லை என்று தோன்றும். ஆனால், ஒரு பூனை 50, மற்றது 250 மில்லிலிட்டர் குடித்திருந்தாலும் சராசரி அதே 150தான்! பொதுவான மணல் தட்டிலும் இதே சிக்கல். சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவது தெரியும். அவை யாருடையவை என்பது தெரியாது.

ஆகவே தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் பூனைகளை வெவ்வேறு அறைகளில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் அளந்து தண்ணீர் வையுங்கள். ஒரே மாதிரியான மூன்றாவது கிண்ணத்தையும் அதே அளவு நீருடன், பூனை குடிக்க முடியாதபடி வலையால் மூடி வையுங்கள். அதில் குறைவது ஆவியாகும் நீர். அதைக் கழித்தால் பூனை குடித்த அளவு கிடைக்கும். அறிவியல் பாடத்தில் படித்த கட்டுப்பாட்டு அமைப்புதான் இது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர், உலர் உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். உலர் உணவு உண்ணும் பூனை இயல்பாகவே அதிகம் குடிக்கும்.

எடை இன்னும் எளிய சான்று. பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நில்லுங்கள். பிறகு உங்கள் எடையை மட்டும் கழியுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 3 கிலோ இழப்பதற்குச் சமம். நோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை மெல்லக் குறையத் தொடங்கக்கூடும். மாதம் ஒருமுறை குறித்து வைத்தால்தான் அது கண்ணில் படும்.

சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரின் அடர்த்தியையும் அவர் சோதிப்பார். எஸ்டிஎம்ஏ என்ற சோதனை, சிறுநீரகச் செயல்பாடு ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும்போதே எச்சரிக்கக்கூடியது. இரத்த அழுத்தத்தையும் பார்ப்பார். அது மிகவும் உயர்ந்தால் பூனைக்குத் திடீரெனப் பார்வை போகலாம்.

ஒரே வீடு, இரண்டு உணவு

இந்த நோய்க்கான சிகிச்சையில் உணவுக்கு முக்கிய இடம் உண்டு. பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் சேர்ந்து நோயை மேலும் விரைவுபடுத்தும். அதனால் மருத்துவர் பாஸ்பரஸ் குறைந்த சிறப்பு உணவைப் பரிந்துரைப்பார். நோய் ஒட்டுவாரொட்டி அல்ல. மற்றப் பூனைக்குத் தொற்றாது. ஆனால், மற்றப் பூனையின் தட்டு நோயாளிக்கு ஆபத்து. வளரும் குட்டிக்கோ சிறப்பு உணவு போதாது.

எனவே தட்டை நாள் முழுவதும் திறந்து வைக்காதீர்கள். நேரம் வைத்து, தனித்தனி அறையில் உணவளித்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். வயதான பூனை தாவ முடியாத உயரத்தில் இளைய பூனையின் உணவை வைக்கலாம். உரிமம் பெற்ற பூனைகளுக்கு உடலில் மைக்ரோசிப் இருக்கும். அதைப் படித்து, உரிய பூனை வந்தால் மட்டும் மூடி திறக்கும் உணவுப் பெட்டிகளும் கடைகளில் உண்டு.

புதிய உணவைப் பழைய உணவோடு கலந்து மெல்ல மாற்றுங்கள். “பசித்தால் தானாகச் சாப்பிடும்” என்று பட்டினி போடக் கூடாது. இரண்டு, மூன்று நாள் சாப்பிடாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

செய்யக் கூடாதவை

• அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பூனை குடிப்பதால் நோய் வரவில்லை; நோயால்தான் குடிக்கிறது. கிண்ணங்களைப் பல இடங்களில் வையுங்கள். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

• மனிதர்களின் வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமோல் மாத்திரைகூடப் பூனையைக் கொல்லலாம்.

• பண்டிகைக் காலமானாலும் லில்லி மலர்கள் வேண்டாம். அதன் இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் அனைத்தும் பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. ஒரு பூனையின் ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை, அதை நக்கிச் சுத்தம் செய்யும் மற்றப் பூனையும் விழுங்கிவிடும்.

இன்றே தொடங்குங்கள்: ஒரு தாளில் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பத்தி போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். எடை, குடித்த நீர், சாப்பிட்ட அளவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். பூனையால் “எனக்கு முடியவில்லை” என்று சொல்ல முடியாது. மருத்துவரோ அதைச் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார். நாள்தோறும் அதைப் பார்ப்பவர் நீங்கள். நீங்கள் குறித்த எண்கள்தான் அதன் சார்பில் பேசும்.